பழைய டகோமாவுக்குக் கம்பெனி வீல் தேடிய கதை

பிக்கப் டிரக்குக்கு வீல் மாற்றப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை ஓட்டை?" என்பதுதான். திருநெல்வேலியில் ஃபார்ச்சூனர் வைத்திருக்கும் அத்தானும் ஃபோனில் அதையே கேட்டார். ஆறு என்றேன். "அப்ப ஆறு ஓட்டை உள்ள எதையாவது வாங்கி மாட்ட வேண்டியதுதானே மாப்ள, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். யோசிக்க நிறையவே இருந்தது. ஆறு ஓட்டை வீல் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். அதில் என் வண்டியில் ஒழுங்காக உட்காருவது சிலதான். எது உட்காரும், எது உட்காராது என்பதை வீலின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்க வேண்டும்.

என் வண்டி 2008 மாடல் டொயோட்டா டகோமா. நான்கு கதவு, நான்கு லிட்டர் வி6 இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் ஓடுகிறது. இங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது வண்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாத இடத்தையெல்லாம் அரித்துவிடும். வண்டியோடு வந்தவை 16 அங்குல இரும்பு வீல்கள். டயரின் விளிம்பு ரிம்மில் இறுக்கமாகப் பதியும் பட்டையில் துரு செதில் செதிலாகக் கிளம்பி, காற்று மெல்ல இறங்க ஆரம்பித்தது. டயர் கடையில் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சீலர் தடவித் தருவார்கள். கொஞ்ச நாள் நிற்கும். அடுத்த குளிர் வந்ததும் மறுபடி இறங்கும். பஞ்சரும் இல்லை, வால்வும் சரியாக இருக்கிறது, ஆனாலும் காற்று நிற்கவில்லை என்றால், உப்பு ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

கடையில் புது டிசைன் வீல்களையும் காட்டினார்கள். அவற்றை நான் தொடவில்லை. வயதான வண்டி, அதன் வீல் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் எல்லாமே ஒரு குறிப்பிட்ட இடத்தில் சக்கரம் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. அந்தக் கணக்கைக் கலைக்காத வீல் வேண்டும் என்றால் வண்டியைச் செய்த கம்பெனியே கொடுத்த வீல்தான் நேர்வழி. அதோடு, விலையும் அந்தப் பக்கமே சாய்கிறது. இங்கே புது டிரக் வாங்கிய கையோடு வீலையும் டயரையும் கழற்றி, பெரிதாக, கறுப்பாக ஏதாவது மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கழற்றிய செட்டுக்கு 'டேக் ஆஃப்' என்று பெயர். அது வீட்டு கராஜில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், மனைவி திட்டிக்கொண்டே இருப்பார், கடைசியில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பாதி விலைக்கு வந்து நிற்கும். பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி, நாமே போய்க் கழற்றிக்கொள்ளும்படி விற்கிற யார்டுகளும் உண்டு. அங்கே இன்னும் மலிவு, ஆனால் நான்கும் ஒரே மாதிரி கிடைப்பது அதிர்ஷ்டம்.

சரி, அளவுக்கு வருகிறேன். என் டகோமாவின் ஆறு ஸ்டட்களும், அதாவது வீல் ஓட்டைகளுக்குள் நுழைந்து நட்டைத் தாங்கும் மரைத்தண்டுகள், 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அங்குலத்தில் ஐந்தரை. ஆறு ஓட்டை என்பதால் அளப்பது சுலபம்: எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் டேப் வைத்தால் போதும். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டையே இருக்காது, அதற்கு வேறு கணக்கு. இந்த இடத்தில்தான் முதல் வலை இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150இல் 2004 மாடலிலிருந்து ஆறு ஓட்டைதான், ஆனால் வட்டம் 135 மில்லிமீட்டர். வித்தியாசம் 4.7 மில்லிமீட்டர், அதுவும் இரண்டு பக்கமாகப் பிரிந்தால் ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். கண்ணால் பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. நிசான் ஃப்ரன்டியர் 2005 முதல் 114.3. அது பார்த்த உடனே தெரிந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. நெருங்கி வருகிற அளவுதான் ஆபத்து.

இரண்டாவது வலை டொயோட்டா குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. டகோமா வீல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் டகோமாவுக்குச் சேரும் என்று நினைப்போம். இதே தலைமுறை டகோமாவில் டூ வீல் டிரைவ் அடிப்படை மாடல் ஐந்து ஓட்டை, 114.3 வட்டம். டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான டன்ட்ராவை எடுத்துக்கொண்டால் 2000 முதல் 2006 வரை வந்தது ஆறு ஓட்டை, 139.7. 2007இல் புது டன்ட்ரா வந்தபோது ஐந்து ஓட்டை, 150 ஆகிவிட்டது. 2022இல் மறுபடி ஆறு, 139.7. ஆகா, திரும்பி வந்துவிட்டது என்று வாங்கிவிடக் கூடாது. ஏனென்றால் நடு ஓட்டை சின்னதாகிவிட்டது.

நடு ஓட்டை என்று நான் சொல்வது ஹப் போர். வீலின் மையத்தில், மூடி போட்டு மறைத்திருக்கும் பெரிய ஓட்டை. வீல் மாட்டப்படும் சுழலும் பாகமான ஹப்பில் ஒரு வட்ட விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீல் அதன் மேல் அளவாக வந்து பொருந்தும். வீலைச் சரியாக மையத்தில் நிறுத்துவது அந்த விளிம்புதான். நட்கள் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கின்றன. என் டகோமாவில் இது 106 மில்லிமீட்டர். பழைய ஃபோர்ரன்னர், எஃப்ஜே குரூசர், பழைய லெக்ஸஸ் ஜிஎக்ஸ், உலகமெங்கும் ஓடும் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் எல்லாம் இதே 139.7, இதே 106 குடும்பம். அத்தானுக்கு இதில் பிரச்சினையே தெரியாததற்குக் காரணம் அதுதான். அவர் வண்டிக்கு நம்மூரில் கண்ணில் படும் ஆறு ஓட்டை டொயோட்டா வீலில் பெரும்பாலானவை சேர்ந்துவிடும்.

இங்கே அப்படியில்லை. ரோட்டில் அதிகம் ஓடும் ஷெவர்லே சில்வராடோவும் ஆறு ஓட்டை, 139.7தான். அதன் நடு ஓட்டை 78.1. டகோமாவின் ஹப் விளிம்பு அதற்குள் நுழையவே நுழையாது. புது டன்ட்ராவும், 2024இல் வந்த புது டகோமாவும் 95.1. அதாவது, அதே பெயர், அதே கம்பெனி, அதே ஆறு ஓட்டை, அதே வட்டம், ஆனாலும் பழைய டகோமாவின் ஹப்பில் ஏறாது. புது டகோமாவின் டேக் ஆஃப் செட்டை, இது எந்த டகோமாவுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, அவர்களுக்கே தெரியாது. வெர்னியர் இல்லாவிட்டாலும் சாதாரண டேப்பை நடு ஓட்டையின் குறுக்கே வைத்து ஒரு ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கள். 95க்கும் 106க்கும் உள்ள வித்தியாசம் டேப்பிலேயே தெரிந்துவிடும். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

நடு ஓட்டை பெரிதாக இருந்தால் என்ன? வீல் ஏறிவிடும், ஆனால் விளிம்பில் பொருந்தாமல் ஆடும். மையப்படுத்தும் வேலை நட்களின் மேல் விழும். அதற்கு இடையில் போட வளையங்கள் விற்கிறார்கள். கம்பெனி வீலை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது ஆஃப்செட். இதைப் புரிந்துகொள்ளாமல் வீல் வாங்கக் கூடாது. ரிம்மின் அகலத்தை நடுவில் சரிபாதியாக வெட்டும் ஒரு கோட்டை மனதில் வையுங்கள். வீல் ஹப்போடு ஒட்டும் தட்டையான முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாக, அதாவது ரோட்டைப் பார்த்த பக்கமாகத் தள்ளி இருந்தால் கூட்டல் எண். டகோமாவின் 16க்கு 7 அங்குல வீலுக்கு, அதாவது விட்டம் 16, அகலம் 7, அது +30 மில்லிமீட்டர். எஃப்ஜே குரூசர் வீலுக்கு +15. எஃப்ஜே வீலை என் வண்டியில் மாட்டினால் ஒவ்வொரு சக்கரமும் 15 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். மாட்ட முடியும், நிறையப் பேர் மாட்டியும் இருக்கிறார்கள், பார்க்கவும் வண்டி அகலமாக, கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளுகிறது, ஸ்டீயரிங்கில் ரோட்டின் பள்ளம் மேடு கூடுதலாகத் தெரிகிறது, டயர் வாரியடிக்கும் கல்லும் உப்புத் தண்ணீரும் கதவு வரை வருகிறது. பதினைந்து மில்லிமீட்டர் உலகத்தைப் புரட்டிவிடாது. ஆனால் உப்புக்குப் பயந்து வீல் மாற்றுகிற நான், உப்பை பாடி மேல் வாரி அடிக்கிற வீலை வாங்குவதில் அர்த்தமில்லை. +30 தவிர வேறு வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

கம்பெனி அலாய் வீலின் பின்பக்கத்தில், ஸ்போக்கின் உள்முதுகில், அளவு வார்த்திருக்கும். 16x7J என்கிற மாதிரி. சிலவற்றில் ஆஃப்செட்டும் இருக்கும். ET என்று போட்டு எண், அல்லது வெறும் எண். ஜப்பானிய அலாய் வீல் தரத்துக்கான JWL முத்திரையும் இருக்கும். எண் இல்லாவிட்டால் அளந்துகொள்ளலாம். வீலைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் குறுக்கே ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து, சட்டத்திலிருந்து ஹப் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். 7 அங்குல வீல் என்றால் விளிம்புகளையும் சேர்த்து மொத்த அகலம் ஏறக்குறைய 8 அங்குலம், 203 மில்லிமீட்டர். அதில் பாதி 101.5. ஆழம் 131, 132 வந்தால், 101.5ஐக் கழிக்க மீதி 30. அவ்வளவுதான் கணக்கு. விளிம்பின் தடிமன் வீலுக்கு வீல் கொஞ்சம் மாறும், அதனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் வரும். 30ஆ 15ஆ என்று தெரிந்துகொள்ள இது போதும்.

16 அங்குலமா 17ஆ என்பது அடுத்த கேள்வி. இந்தத் தலைமுறை ஃபோர் வீல் டிரைவ் டகோமாவில் கம்பெனியே மூன்று டயர் அளவுகளைக் கொடுத்தது: 245/75R16, 265/70R16, 265/65R17. மூன்றின் விட்டத்தையும் கணக்குப் போட்டால் 774, 777, 776 மில்லிமீட்டர். நடைமுறையில் ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வீல் ஆர்ச்சில் உரசாது. எது வேண்டுமானாலும் போடலாம் என்கிற சுதந்திரம் இருக்கும்போது நான் 16ஐத்தான் எடுப்பேன். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் விழுந்தால் ரிம் தப்பிக்கும். குளிர்காலம் முடிந்து மார்ச் மாதத்தில் ஒஹாயோ ரோட்டில் வரும் குழிகளைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். 265 டயருக்கு 7 அங்குல ரிம் என்பது அனுமதித்த அகலத்தில் குறைந்தபட்சம். ஆனால் கம்பெனியே அப்படித்தான் மாட்டியது, அதனால் கவலையில்லை. 15 அங்குலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, முன் பிரேக் காலிப்பர் பெரியது.

நான் எடுத்தது இதே தலைமுறை டகோமாவில் ஆஃப் ரோடு மாடலோடு வந்த 16 அங்குல அலாய் செட். விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், வண்டியைத் தூக்கி உயர்த்தி பெரிய டயர் போட்டிருந்தார். பேரம் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பார்ப்பதற்குத்தான் நேரம் எடுத்தேன், அவரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பழைய வீலில் என்ன பார்க்க வேண்டும்? முகத்தில் இருக்கும் கீறலை விடுங்கள், அது அழகுப் பிரச்சினை. உள்பக்க விளிம்பைப் பாருங்கள். குழியில் விழுந்த வீல் பெரும்பாலும் உள்விளிம்பில்தான் நெளிந்திருக்கும், அது வண்டியில் மாட்டியிருக்கும்போது கண்ணில் படாது. உள் உருளையில் விரலை ஓட்டினால் வெல்டு வைத்துத் தேய்த்த இடம் மேடாகத் தட்டுப்படும்; வெல்டு வைத்த வீல் எனக்கு வேண்டாம். மினுமினு லாக்கருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் இருந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். முகத்தில் இருந்தால் பரவாயில்லை, டயர் பதியும் பட்டை வரை போயிருந்தால் மறுபடி காற்று இறங்கும் கதைதான். அலாய் வீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. சிவப்பாகப் பிடிக்காது, வெள்ளையாகப் பூக்கும். அப்புறம் நட் ஓட்டைகள். ஓட்டையின் இருக்கை வட்டமாக, சீராக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இழுபட்டிருந்தால் அந்த வீல் லூசான நட்டோடு ஓடியிருக்கிறது.

வீலோடு டயரும் வரும். அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 3216 என்றால் 2016ஆம் ஆண்டின் 32வது வாரம் செய்தது. டயரின் மேல்பூ தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருஷ ரப்பருக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். இந்த செட்டில் இருந்த டயர்கள் வீட்டுக்கு வராமல் டயர் கடையிலேயே நின்றுவிட்டன.

காசு கொடுப்பதற்கு முன்பு நான் கேட்டு வாங்கியது நட்கள். வீல் நட்டை யாரும் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. இரும்பு வீலின் ஓட்டை கூம்பு வடிவம். அதற்குக் கூம்பு முனை உள்ள நட், 60 டிகிரி சரிவு. டொயோட்டாவின் இந்த அலாய் வீலில் ஓட்டை நேராக, குழாய் மாதிரி இருக்கும், மேலே தட்டையான இருக்கை. இதற்கு வேறு நட். ஆறு பட்டைத் தலைக்குக் கீழே வழவழப்பான உருளையாக ஒரு நீட்டம், அதோடு கழலாமல் சுழலும் ஒரு வாஷர். உருளை ஓட்டைக்குள் இறங்கும், வாஷர் இருக்கையில் உட்காரும். இரண்டுக்கும் மரை ஒன்றுதான், 12 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். ஸ்பேனரும் அதே 21. அதனால் கூம்பு நட் இந்த வீலில் தாராளமாக ஏறும், இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் அது ஓட்டையின் வாயோரத்தில் மட்டும், ஒரு கோடு அளவுக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அலுமினியம் இரும்பை விட மிருது. ஓடஓட அந்த ஓரம் நசுங்கும், இறுக்கம் போகும், நட் தளரும். வீல் கழன்று ஓடுவது இப்படித்தான்.

இரும்பிலிருந்து அலாய்க்கு மாறுகிறவர்களுக்கு வண்டியில் இருக்கும் இருபத்து நான்கு நட்களும் உதவாது. புதிதாக வாங்க வேண்டும், அல்லது விற்கிறவரிடம் கேட்க வேண்டும். வெளிக் கம்பெனி வீல் போட்டவர் பெரும்பாலும் அதற்கான கூம்பு நட்டுக்கு மாறியிருப்பார். கழற்றிய வாஷர் நட்கள் ஏதோ ஒரு காபி டப்பாவில் சும்மா கிடக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. நடு மூடி நான்கில் மூன்றுதான் இருந்தது. அது போகட்டும்.

அடுத்து காற்றழுத்த சென்சார். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் தயாராகும் கார், சிறிய டிரக் எல்லாவற்றிலும் இது கட்டாயம். டயரின் அழுத்தம் குறிப்பிட்ட அளவை விட கால்வாசி குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். ஒவ்வொரு வீலுக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, அதன் பேட்டரி ஏறக்குறைய பத்து வருஷம் வரும், மாற்ற முடியாது. பழைய இரும்பு வீலில் இருக்கும் சென்சாரைக் கழற்றி மாட்டலாம் என்று ஆசைப்படாதீர்கள். டயரை மறுபடி பிரிக்கக் கூலி கொடுப்பதை விட இப்போதே புதிது போட்டுவிடலாம்.

இதில் ஒரு சூட்சுமம். டகோமாவின் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த சென்சார் எண்களைத்தான் கேட்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ரீசெட் பட்டன் அழுத்த அளவைத்தான் பதியும், புது சென்சாரைச் சேர்க்காது. அதற்கு ஸ்கேனரை மாட்டி எண்களை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எழுதக்கூடிய சென்சார் வாங்கி, பழைய சென்சாரின் எண்ணையே அதில் எழுதச் சொல்லலாம். கம்ப்யூட்டருக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது. நான் இரண்டாவது வழியில் போனேன். வால்வுத் தண்டு அலுமினியமா ரப்பரா என்று கேட்டால் உப்பு ஊரில் ரப்பர் என்று சொல்லுங்கள். அலுமினியத் தண்டில் வால்வு மூடி ஒட்டிக்கொண்டு, திருகினால் தண்டோடு ஒடிந்து வரும்.

வேலை செய்துகொண்டிருக்கும் சென்சாரை எடுத்துவிட்டு வெறும் வால்வு போட்டுத் தரச் சொன்னால் கடைக்காரர்கள் மாட்டேன் என்பார்கள். பாதுகாப்புக் கருவியைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. டயர் ஏற்றும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: பேலன்ஸ் எடையை வெளி விளிம்பில் கொக்கி மாதிரி அடிக்காமல், உள்பக்கம் ஒட்டுகிற வகையில் போடச் சொல்லுங்கள். கொக்கி எடை லாக்கரைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் உப்பு குடியேறும். பேலன்ஸ் மெஷினில் டயர் இல்லாத வெறும் வீலை முதலில் சுழற்றிக் காட்டச் சொன்னால் நெளிவு இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முகம் சுளித்தாலும் செய்வார்கள்.

மாட்டும் வேலையை வீட்டு வாசலில் நானே செய்தேன். பழைய வீல் கழன்று வராததுதான் இதில் பெரிய வேலை. நட் எல்லாம் எடுத்த பிறகும் துரு வீலையும் ஹப்பையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போய்ச் சுத்தியலால் அடிக்காதீர்கள். வண்டி தரையில் நிற்கும்போதே எல்லா நட்டையும் இரண்டு சுற்றுத் தளர்த்தி, கழற்றாமல் விட்டுவிட்டு, காலி இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும் சில அடி ஓட்டி பிரேக் போட்டால் 'டக்' என்று விட்டுவிடும். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மறுபடி நட்டைக் கையால் இறுக்கிவிட்டுத்தான் ஜாக்கி. வீல் கழற்றிய வண்டியைத் தாங்குவது ஜாக்கியாக இருக்கக் கூடாது, ஸ்டாண்டாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்னால் டிரம் பிரேக் என்பதால் வீல் போனதும் டிரம்மும் கையோடு வந்துவிடலாம்; அந்த நேரத்தில் வண்டிக்குள் இருக்கும் பையன் விளையாட்டாகக்கூட பிரேக்கை மிதிக்கக் கூடாது.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டால் மற்ற எல்லாமே வீண். முகத்தில் துருச் செதில் ஒன்று மாட்டிக்கொண்டால் வீல் நூலளவு சாய்ந்து உட்காரும்; முதலில் அதிர்வு வரும், செதில் நொறுங்கியதும் இறுக்கம் போய்விடும். தேய்த்த பிறகு, நடு விளிம்பில் மட்டும், உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையை மெல்லிசாகத் தடவினேன். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து இருந்தால் அலுமினியம் சீக்கிரம் அரிபடும், பசை அதைத் தள்ளிப்போடும். ஸ்டட் மரையில் பசையோ ஆயிலோ தடவக் கூடாது. நட்டை இறுக்க வேண்டிய டார்க், அதாவது முறுக்கு விசையின் அளவு, காய்ந்த மரைக்குக் கொடுத்தது. வழுக்கினால் அதே அளவில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

நட்களை எல்லாம் முதலில் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சக்கரம் தரையைத் தொட்டதும் டார்க் ரெஞ்சில் 83 அடி-பவுண்டு. நியூட்டன் மீட்டரில் 113. காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கித் தருகிற கடையில், கடைசியில் டார்க் ரெஞ்ச் வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். நான் பார்ப்பேன், அவர்களுக்கு அது பிடிக்காது. ஐம்பதிலிருந்து நூறு மைல் ஓடிய பிறகு, அதாவது 80லிருந்து 160 கிலோமீட்டருக்குள், மறுபடி ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். புது அலாய் இருக்கைகள் அழுந்திப் பதியும்போது கொஞ்சம் தளர்வது இயல்பு. எனக்கு இரண்டு நட் சின்னதாகத் திரும்பின. ஆஃப்செட் மாறாததால் அலைன்மென்ட் தொட வேண்டியிருக்கவில்லை.

அத்தானுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். "பழைய வீலும் இதே மாதிரிதானே இருந்துச்சு மாப்ள?" என்றார்.

ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு வீலாகவே இருக்கிறது, டயர் மட்டும் புதுசு. விட்டத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் வீடு வந்து சேர அது போதும், ஃபோர் வீலில் போடாமல் ஓட்ட வேண்டும். வாஷர் வைத்த அலாய் நட்டை அதில் போடலாமா என்றால், போடலாம். உருளையின் முனையில் ஒரு சின்னச் சரிவு வைத்திருக்கிறார்கள், அது இரும்பு வீலின் கூம்பில் போய் உட்காரும். டொயோட்டா கையேட்டிலும், அலாய்க்குப் பதில் இரும்பு வீல் மாட்டும்போது அந்தச் சரிவு இருக்கையைத் தொடும் வரை திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். வாஷர் வீலைத் தொடாது, பயப்பட வேண்டாம். திருப்பிச் செய்வதற்குத்தான் வழியில்லை, கூம்பு நட்டை அலாயில் போடக் கூடாது. ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தூக்கிப் பிடிக்கும் செயினும் அதைச் சுற்றும் பல்சக்கரமும் உப்பில் இறுகிப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை, பனிக்கு முன்னால், முழுதாக இறக்கி, ஆயில் விட்டு ஏற்றி வையுங்கள்; நடு ராத்திரியில் ஹைவே ஓரத்தில் அது இறங்காவிட்டால் வேறு வழியே இல்லை.